தூணோரத்து இருக்கை

தியான் லேயை அந்த மாவட்டத்தில் நெட் கடை வைத்திருந்த எல்லோருக்கும் தெரியும். ஆற்றங்கரை ஊரில் தொடங்கி, மலைமேல் மூடிக்கிடந்த சுரங்கத்து ஊர் வரைக்கும் பாதிக் கடைகளுக்குக் கம்ப்யூட்டர் போட்டுக் கொடுத்தவன் அவன். போட்டுக் கொடுப்பது என்றால் ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்காருவதில்லை. உள்ளறையில் பெரிய கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்று. வெளியே வரிசையாக அறுபது இருக்கைகள். அறுபதிலும் திரை உண்டு, கீபோர்டு உண்டு, காதில் மாட்டிக்கொள்ள ஹெட்போன் உண்டு. ஹார்டு டிஸ்க் மட்டும் கிடையாது. பட்டனை அமுக்கினால் எல்லாவற்றையும் உள்ளறைப் பெரியதிடமிருந்து அப்போதுதான் வாங்கிக்கொண்டு கண் விழிக்கும். அணைத்தால் சுத்தமாக மறந்துவிடும். முந்தின ஆள் விட்டுப்போன வைரஸ், அசிங்கப் படம், காதல் கடிதம் எதுவும் அடுத்த ஆளுக்கு மிஞ்சாது.

கடைக்காரர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும். முன்பெல்லாம் வாரத்துக்கொரு நாள் கடையை மூடி அறுபதையும் ஒவ்வொன்றாகக் கழுவி எடுக்க வேண்டியிருந்தது. "ஒரு சட்டியில சமைச்சு அறுபது தட்டுல போடறோம், அவ்வளவுதான். தட்டைக் கழுவக்கூட ஆள் வேண்டாம், அதுவே கழுவிக்கும்" என்று லேய் விளக்குவான். இதைச் சொல்லும்போது மட்டும் அவன் முதுகு நிமிரும். கர்வப்பட்டுக்கொள்ள வேறு அதிகம் இல்லாத மனிதன். முப்பதைத் தாண்டியும் கல்யாணமாகவில்லை. பெண் பார்க்கப் போன வீட்டில் என்ன வேலை என்று கேட்டால் நெட் கடை என்பான், அத்தோடு இரண்டாவது கோப்பைத் தேநீர் வராது.

மற்ற ஊர்களுக்குப் போகாத நாட்களில் அவன் இருந்தது 'நீல நதி' என்ற கடையில். செருப்புக் கடைக்கு மேலே, மாடியில். முதலாளி பெங் அக்கா, கணவனை விரட்டிவிட்டுக் கடையை மட்டும் வைத்துக்கொண்டவள். பையன்கள் ராத்திரி முழுக்க விளையாடிவிட்டு விடிந்ததும் சிவந்த கண்ணோடு இறங்கிப் போவார்கள். "நெட்காரரே, படம் நின்னுபோச்சு", "நெட்காரரே, ஒரு கப் நூடுல்ஸுக்கு வெந்நீர்" என்று இரண்டையும் ஒரே குரலில் கேட்பார்கள். லேய் இரண்டுக்கும் ஒரே வேகத்தில் எழுந்து போவான்.

அவனுடைய அண்ணன் குவாங்மின் அவனைவிடப் பதினான்கு வயது மூத்தவர். அப்பா அம்மா போன பிறகு லேயை ஆளாக்கியது அவர்தான். தெற்கே கடலோர நகரத்தில் மாடிக் கட்டிடங்களுக்கு அஸ்திவாரக் குழி தோண்டும் வேலை. கிணறு மாதிரி இறங்கும் குழிக்குள் துளைக்கும் இயந்திரத்தைப் பிடித்துப் பாறையை உடைக்க வேண்டும். அந்த மாவட்டத்து ஆண்களில் பாதிப் பேர் அந்தக் குழிகளில் இறங்கியவர்கள்தான். மூக்கைக் கட்ட ஒரு துணி, அதுதான் பாதுகாப்பு. வருஷக்கணக்கில் விழுங்கிய கல்தூசி நெஞ்சுக்குள் இறுகிக்கொள்ளும், பிறகு எந்த மருந்துக்கும் கரையாது. லேய் மாகாணத் தலைநகரில் கம்ப்யூட்டர் படித்த காலம் முழுக்க அவன் சாப்பிட்டதும் படித்ததும் அந்தக் குழியிலிருந்து வந்த காசில்தான்.

அந்தக் காலத்தில்தான் அண்ணி செத்துப்போனாள். காய்ச்சல் என்று படுத்தாள், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதற்குள் முடிந்துவிட்டது. குவாங்மின் வேலை செய்த இடத்துக்குத் தகவல் போய்ச் சேர்ந்தது, அது நிச்சயம். லேய் தலைநகரிலிருந்து ஓடி வந்தான். அண்ணன் வரவில்லை. பதினான்கு வயது மகள் சுய்பிங், தலையில் துக்கத்துக்கான சணல் துணியைக் கட்டிக்கொண்டு, துக்கத்துக்கு வந்த ஒவ்வொருவருக்கும் தானே மண்டியிட்டுக் கும்பிட்டாள். மகன் இல்லாத வீட்டில் அப்பா நிற்க வேண்டிய இடத்தில் அவள் நின்றாள். சவப்பெட்டியை மூடும்வரை சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு வாரச் சடங்கெல்லாம் முடிந்த பிறகுதான் ஒரு நாள் குவாங்மின் பையோடு வாசலில் வந்து நின்றார். சுய்பிங் உள்ளே திரும்பி, "சித்தப்பா, யாரோ வந்திருக்காங்க" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் அவரை அப்பா என்று கூப்பிடவே இல்லை. பதினாறு வயதில் தெற்கே ஃபேக்டரி வேலைக்குப் போனாள். புது வருஷத்துக்கும் வருவதில்லை. லேயோடு மட்டும் கம்ப்யூட்டரில் எழுதிப் பேசுவாள். நடுவில் அவன் 'உங்கப்பா' என்று ஆரம்பித்தால் போதும், திரையில் அவள் பெயரோடு இருக்கும் படம் சாம்பல் நிறமாகிவிடும், அவள் போய்விட்டாள் என்று அர்த்தம்.

ஏன் வரவில்லை என்று லேய் ஒரே ஒரு தடவை அண்ணனைக் கேட்டிருக்கிறான். "வர முடியல" என்றார். அதோடு சரி. அவனும் கிளறவில்லை. கிளறினால் என்ன வருமோ என்று ஒரு பயம் அவனுக்கு இருந்தது. பரீட்சைக் கட்டணம் என்று அண்ணன் அனுப்பிய பணம் அந்த மாதம்தான் வந்திருந்தது. குழி வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்தால் அதுவரை செய்ததற்கும் கூலி தரமாட்டார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவன் மனம் துணியவில்லை.

வருஷங்கள் போய், ஓர் இலையுதிர்காலத்தில் குவாங்மின் நீல நதியின் மாடிப்படியில் நடுவே இரண்டு இடத்தில் நின்று நின்று ஏறி வந்தார். ஒரு காலத்தில் நல்ல தடியான மனிதர், இப்போது சட்டைக்குள் தொலைந்துபோயிருந்தார்.

"டேய் லேய், சுய்பிங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"ஃபோன்ல சொல்லலாமே அண்ணே."

"என் குரலைக் கேட்டாலே வச்சிடறா. வைக்கலைன்னாலும் ஒரே மூச்சுல நாலு வார்த்தை வரமாட்டேங்குது. நடுவுல இருமினா, பாவம் பார்க்கணும்னு நடிக்கிறான் கிழவன்னு நினைப்பா."

"அப்போ இதுல பேசிப் பதிவு பண்ணலாம். தெனம் கொஞ்சம் கொஞ்சமா. இருமலை நான் வெட்டி எடுத்துடறேன்."

குவாங்மின் யோசித்தார். "வெட்டணும்னா நீ கேட்கணுமே?"

"கேட்காம எப்படி வெட்டறது?"

"அப்போ இருமல் இருந்துட்டுப் போகட்டும். நீ கேட்கக் கூடாது. எனக்குச் சத்தியம் பண்ணு."

லேய் சத்தியம் செய்தான்.

பின்பக்க ஜன்னலோரம், தூணுக்கு மறைவில் ஓர் இருக்கையை அண்ணனுக்கு ஒதுக்கினான். உள்ளறைக் கம்ப்யூட்டரில் போய் அந்த ஓர் இருக்கைக்கு மட்டும், அணைத்தாலும் மறக்காதே என்று உத்தரவு போட்டான். யாருக்கும் அவன் அப்படிச் செய்து கொடுத்ததில்லை. பென் டிரைவ் செருகும் ஓட்டைகளையெல்லாம், வைரஸ் வரும் என்று பெங் அக்கா சொல்லி, அவனே பசை ஊற்றி அடைத்திருந்தான். எல்லாம் முடிந்ததும் ஒரே தடவையாக எடுத்து அனுப்பிக்கொள்ளலாம் என்பது அவன் கணக்கு.

"காணாமப் போயிடாதே?" என்று கேட்டார் குவாங்மின்.

"நான் கட்டின கம்ப்யூட்டர் அண்ணே. பேங்க் லாக்கர்ல வைக்கிறதைவிட இங்க பத்திரம்."

அந்த வரிசையில் யாரும் சிகரெட் பிடிக்கக் கூடாது என்று லேய் சொன்னபோது பெங் அக்கா இடுப்பில் கைவைத்தாள். "உங்கண்ணன் ஒருத்தருக்காக இங்க ஊதக் கூடாதுன்னா, மத்தவனெல்லாம் எங்க போய் ஊதுவான்? என் தலையிலயா?" என்றாள். மறுநாள் அவளே அட்டையில் எழுதித் தூணில் ஒட்டிவைத்தாள். மறந்துபோய்ப் பற்றவைத்த ஒரு பையனைக் காதைப் பிடித்து எழுப்பி வேறு வரிசைக்கு அனுப்பினாள்.

லேய் சுய்பிங்குக்கு ஒரு வரி எழுதிப் போட்டான். உங்கப்பா உனக்கு ஒரு விஷயம் பேசிப் பதிவு பண்ணிக்கிட்டிருக்கார், முடிஞ்சதும் அனுப்பறேன். பதில் இல்லை. படம் சாம்பலாகவே இருந்தது. ஆனதுவரைக்கும் இப்போதே அனுப்பலாமே என்று அவன் சொன்னதற்கு அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "பாதியைச் சொன்னா பொய் மாதிரி இருக்கும்டா. முழுசா போகட்டும்."

ராத்திரிப் பையன்கள் இறங்கிப்போய், ஜன்னல்களைத் திறந்துவிட்டுப் புகை வெளியேறிய பிறகு குவாங்மின் வருவார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, தாழ்ந்த குரலில் பேசுவார். சில நாள் பத்து வார்த்தைக்குள் முடிந்துவிடும். லேய் அந்தப் பக்கம் போகமாட்டான். நூடுல்ஸ் கோப்பைகளைப் பொறுக்கி முடித்ததும், கல்லாவில் உட்கார்ந்து தானும் ஒரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாட்டைச் சத்தமாக வைத்துக்கொள்வான். அப்படியும் கண் தூணோரம்தான் இருக்கும். ஒரு நாள் அண்ணன் தனியாகச் சிரித்ததைப் பார்த்தான். இன்னொரு நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தான். அந்த இருக்கையின் திரையில் அண்ணனின் பதிவுகள் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே வந்தன. குடும்பத்தில் யாரும் பேசாத விஷயம் அங்கே ஒருவழியாகப் பேசப்படுகிறது என்பதே அவனுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. சுய்பிங் கேட்பாள், அழுவாள், வந்துவிடுவாள் என்று நம்பினான்.

"நாளைக்கு முடிச்சிடுவேன். கடைசித் துண்டுதான் பாக்கி" என்றார் குவாங்மின் ஒரு நாள் படியிறங்கும்போது. அன்றைக்கு நடுவில் ஒரே இடத்தில்தான் நின்றார்.

அன்று மத்தியானம் ஒரு புது விளையாட்டு வெளியானது. பள்ளிக்கூடம் விடுவதற்குமுன்பே பையன்கள் படிக்கட்டில் வரிசை கட்டிவிட்டார்கள். அது ஓட வேண்டுமானால் திரையை இயக்கும் மென்பொருளைப் புதுசாகப் போட வேண்டும். அறுபதிலும் போட வேண்டியதில்லை, உள்ளறைப் பெரியதில் இருக்கும் மூலப் பிரதியில் ஒரு தடவை போட்டால் போதும். "சீக்கிரம்பா, எதிர்க் கடைக்காரன் ஆரம்பிச்சிட்டான்" என்று பெங் அக்கா கதவைத் தட்டினாள். லேய் போட்டான். மூலத்தை மூடினான். அறுபதையும் ஒரே சமயத்தில் அணைத்து எழுப்பினான். ஆயிரம் தடவை செய்த வேலை, கை தானாகவே செய்து முடித்தது.

ஓர் இருக்கையைத் தனியாக நினைவு வைத்துக்கொள்ளச் சொன்னால், அது மூலப் பிரதியின் மேல் ஒட்டிய மெல்லிய தாளாகத்தான் இருக்கும். அடியில் இருக்கும் மூலம் மாறிவிட்டால் தாள் பொருந்தாது. பெரிய கம்ப்யூட்டர் யாரையும் கேட்காமல் அதைக் கழித்துவிடும். இது லேய்க்குத் தெரியாதா? மற்ற ஊர் ஆட்களுக்கு அவனே சொல்லிக் கொடுத்ததுதான். ஆனால் அவன் தொழில் முழுக்க மறக்கவைக்கிற தொழில். மூலத்தைத் தொடுவதற்குமுன் எடுத்து வைக்க வேண்டியது ஒன்று இருக்கிறது என்று யோசித்துப் பழகாத கை அது.

உள்ளறையிலிருந்து வெளியே வந்தவன் அறுபது திரையும் ஒரே மாதிரி ஜொலிப்பதைப் பார்த்தான். அழகாகத்தான் இருந்தது. பையன்கள் கைதட்டினார்கள். பிறகு தூணோரத்துத் திரையும் மற்றவை மாதிரியே சுத்தமாக இருப்பதைப் பார்த்தான்.

உள்ளறைக்குத் திரும்பி ஓடினான். பெங் அக்கா ஏதோ கேட்டது அவன் காதில் விழவில்லை. அழிந்ததை மீட்கும் மென்பொருள் எத்தனை உண்டோ அத்தனையையும் ஓட்டிப் பார்த்தான். பையன்கள் விளையாட விளையாட, அழிந்துபோன இடத்தின்மேல் புதுசு புதுசாக எழுதப்பட்டுக்கொண்டே இருந்தது. கடையை மூடச் சொல்லிக் கேட்டான், அவளும் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் மூடினாள். ஒரு இருமல்கூடத் திரும்பக் கிடைக்கவில்லை.

மறுநாள் காலையில் குவாங்மின் வந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் எங்கடா?"

"அண்ணே, போச்சு. நான்தான் அழிச்சிட்டேன். தெரியாம."

"எல்லாமா?"

"எல்லாம்."

குவாங்மின் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் மெதுவாக வைத்தார். திட்டுவார் என்று லேய் காத்திருந்தான். திட்டினால் நன்றாக இருக்கும் என்று ஏங்கினான். அவர் திட்டவில்லை.

"இன்னொரு தடவை சொல்லுங்க அண்ணே. மைக் வேண்டாம், எங்கிட்ட சொல்லுங்க. நான் ஒரு வார்த்தை விடாம எழுதி அனுப்பறேன்."

"உங்கிட்ட சொல்ற விஷயம் இல்லடா அது."

"ஏன் எங்கிட்ட சொல்லக் கூடாது?"

அண்ணன் அவனை நிமிர்ந்து பார்த்தார். சின்ன வயதில் அவன் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வரும்போது பார்ப்பாரே, அந்தப் பார்வை. "வுடு. நாளைக்கு மறுபடி ஆரம்பிக்கலாம்" என்றார்.

ஆரம்பித்தார். மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து வாயைத் திறந்தார், மூச்சுதான் வந்தது. அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் படியேற முடியாமல் செருப்புக் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார், லேய் முதுகில் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போனான். ஒரு டேப் ரிக்கார்டரைக் கடன் வாங்கிக் கட்டில் பக்கத்தில் வைத்தான். குவாங்மின் அதைப் பார்ப்பார், கண்ணை மூடிக்கொள்வார். படுக்க முடியாமல் மடக்கிய போர்வைமேல் சாய்ந்தபடியே இருந்தார். குளிர்காலம் இறுகிய ஒரு காலையில் அப்படிச் சாய்ந்தபடியே போய்விட்டார்.

லேய் எழுதிய சாவுச் செய்தியைப் பார்த்து சுய்பிங் வந்தாள். ரயிலில் நின்றுகொண்டே வந்தாளாம். பெட்டியை மூடுவதற்குள் வந்துவிட்டாள். சணல் துணி கட்டினாள், மண்டியிட்டாள், வந்தவர்களுக்குக் கும்பிட்டாள். அழவில்லை. அப்பா என்று சொல்லவும் இல்லை. மேளக்காரர்களும், துக்க வீட்டில் கண்விழிக்கச் சீட்டாட வந்தவர்களும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். மலைச்சரிவில் புதைத்த மூன்றாம் நாள் காலையில் அவள் நீல நதிக்கு ஏறி வந்தாள். பெங் அக்கா ஒரு கோப்பைத் தேநீரை வைத்துவிட்டு, கீழே செருப்புப் பார்க்கப் போவதாகச் சொல்லி இறங்கிப் போனாள்.

"அனுப்பறேன்னு எழுதினீங்களே சித்தப்பா. ஷிஃப்ட் முடிஞ்சு தெனமும் பார்த்தேன், வரவே இல்ல."

"நீ ஆன்லைனுக்கே வரலியேம்மா."

"நான் இருக்கிறது தெரியாம மறைச்சு வச்சிட்டு உட்கார்ந்திருந்தேன்."

லேய் எதையாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். அண்ணன் பேசவே இல்லை என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. "பேசினார். அதோ, அந்தத் தூணோரத்துல. வாரக்கணக்குல பேசினார்."

"எங்க அது?"

அவன் சொன்னான். மூலம், தாள், புது விளையாட்டு எல்லாவற்றையும் சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கே அது அற்பமாகத் தெரிந்தது. அவள் எழுந்துபோய் அந்த இருக்கையில் உட்கார்ந்தாள். கீபோர்டின்மேல் கையை வைத்தாள்.

"அழுதாரா?"

"ஒரு தடவை. ஒரு தடவை சிரிச்சார்."

"அம்மா செத்தப்ப ஏன் வரலைன்னு சொன்னாரா?"

"அதைத்தான் சொல்லியிருப்பார். நான் கேட்கலை. நீ கேட்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார்."

"யாருமே கேட்கக் கூடாதுன்னாரா, இல்ல உங்களை மட்டுமா?"

"என்னை மட்டும்தான்."

சுய்பிங் திரும்பி அவனைப் பார்த்தாள். பல வருஷம் ஃபேக்டரியில் இருந்தவள், கூலி எப்போது எப்படி நிற்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அந்த வருஷம் நீங்க தலைநகர்ல படிச்சிட்டிருந்தீங்க."

"ஆமா."

"பாதியில கிளம்பி வந்தா செஞ்ச வேலைக்குக் கூலி இல்லைன்னு இருந்திருக்கும்."

"ஆமா. எனக்குப் பரீட்சைக்குக் கட்ட வேண்டியது அந்த மாசம்தான். கட்டினார். அதுவாத்தான் இருக்கும்னு எனக்கு ரொம்ப நாளா தோணுதும்மா. ஆனா நிச்சயமா சொல்ல அவர் இல்ல, அவர் பேசி வச்சதும் இல்ல."

தேநீர் ஆறி ஏடு கட்டியது.

"அப்போ எங்கப்பாவை எங்கிட்டேருந்து ரெண்டு தடவை எடுத்துக்கிட்டீங்க, சித்தப்பா" என்றாள். குரலை உயர்த்தவில்லை.

பேருந்து ஏறப் போவதற்கு முன் அவள் மலைச்சரிவுக்குப் போனாள். லேய் கொஞ்சம் தள்ளிப் பின்னாலேயே போய், கீழே பாதை ஓரத்தில் நின்றுகொண்டான். அவள் செத்தவர்களுக்கு எரிக்கும் காகிதப் பணத்தை எரித்துவிட்டு ஈரமண்ணில் மண்டியிட்டாள். பிறகு "அப்பா" என்று கூப்பிட்டாள். ஒரு தடவை கூப்பிட்டதும் நிறுத்த முடியாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், அந்தக் குரல் சரிவு முழுக்கக் கேட்டது. அண்ணன் காதில் விழ வேண்டிய வார்த்தை. லேய் கீழே நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

அவள் இறங்கி வந்தபோது அவன் ஓரடி முன்னால் வைத்தான். சுய்பிங் அவனைக் கடந்துபோனாள். விறகு சுமந்து எதிரே வந்த யாரோ ஒரு ஆளை நிறுத்தி, அடுத்த பேருந்து எப்போது என்று கேட்டாள்.